தட்டில் ஓடும் வெள்ளைக் கோடு

மிச்சிகன் மாநில ஏரிகளில் கோடை நாளில் பழைய மரப்படகு ஒன்று துறையில் வந்து ஒதுங்கினால், பக்கத்தில் நிற்கும் புத்தம்புது ஃபைபர் படகுகளை யாரும் சட்டை செய்வதில்லை. எல்லார் கண்ணும் மரப்படகின் முன்தட்டின் மேல்தான். செம்பழுப்பு மரம், அதன்மேல் நூல் பிடித்து வரைந்ததுபோல் நீளவாக்கில் ஓடும் வெள்ளைக் கோடுகள். "எவ்வளவு நேராகப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள்!" என்று வியந்துவிட்டுப் போவார்கள். பெரும்பாலும் அது பெயின்ட் இல்லை. பலகைக்கும் பலகைக்கும் நடுவே வேண்டுமென்றே விட்ட சந்து. அந்தச் சந்தை அடைத்திருக்கும் ரப்பர்போன்ற பொருள்தான் வெள்ளையாகத் தெரிகிறது.

சந்தை அடைப்பதுதான் என் பிழைப்பும். டெட்ராய்ட் பக்கம் கார்களுக்குப் பசையும் சீலன்ட்டும் செய்கிற தொழிலில் இருக்கிறேன். காரின் முன்கண்ணாடி திருகாணியில் நிற்கவில்லை, பாலியூரித்தேன் பசையில் நிற்கிறது என்பது பலருக்கும் தெரியாது. கண்ணாடி ஒரு அளவு விரியும், இரும்பு இன்னொரு அளவு விரியும். இரண்டுக்கும் நடுவில் கிடந்து இழுபடுவது பசையின் தலையெழுத்து. அந்தப் பழக்கதோஷத்தில்தான், எங்கள் தெருக்கோடியில் கொட்டகை வைத்துப் பழைய படகுகளைப் பழுதுபார்க்கும் ஓய்வுபெற்ற பெரியவரிடம் சனிக்கிழமைகளில் போய் நிற்க ஆரம்பித்தேன். முதலில் பார்வையாளர், பிறகு எடுபிடி, இப்போது தட்டு வேலை முழுவதும் என் பொறுப்பு. படகு ஒரு 17 அடி கிறிஸ்-கிராஃப்ட். 1940களின் இறுதியில் பிறந்தது.

இந்தப் பெயரைச் சொல்லாமல் கோட்டுத் தட்டைப் பற்றி அமெரிக்காவில் பேச முடியாது. டெட்ராய்டுக்கு வடகிழக்கே செயின்ட் கிளேர் ஆற்றங்கரையில் அல்கொனாக் என்று ஒரு சிற்றூர். அங்கே கிறிஸ்டோபர் கொலம்பஸ் ஸ்மித் என்பவர் வாத்து வேட்டைக்காரர்களுக்குப் படகு கட்டிக் கொடுத்துத் தொழிலைத் தொடங்கினார். 1922இல் அவரும் பிள்ளைகளும் சேர்ந்து வைத்த கம்பெனிதான் பின்னால் கிறிஸ்-கிராஃப்ட் ஆயிற்று. பக்கத்து டெட்ராய்ட்டில் கார் எப்படி வரிசையாக வந்ததோ அப்படியே படகையும் ஒரே அச்சில், ஒரே அளவில் செய்து தள்ளினார்கள். இரண்டாம் உலகப்போர் முடிந்த கையோடு மஹோகனி கிடைக்காமல், சில படகுகளுக்குச் செடார் பலகை போட்டு வெள்ளை அடித்து விற்றதும் உண்டு. 1970களின் தொடக்கத்தில் மரத்துக்கே மூடுவிழா. 1981இல் வந்த 'ஆன் கோல்டன் பாண்ட்' படத்தில் ஹென்றி ஃபோண்டா ஓட்டிப் போவது 1950ஆம் ஆண்டு கிறிஸ்-கிராஃப்ட்தான். இத்தாலிக்காரர்கள் இதைக் கேட்டால் முகம் சுளிப்பார்கள். அவர்களுக்கு இசேயோ ஏரிக்கரையில் சார்னிக்கோ ஊர் ரீவா படகுதான் படகு. 1962இல் வந்த ரீவா அக்வாரமாவின் தட்டிலும் இதே கோடுகள்தான். ஆனால் அங்கே கோடு ரப்பர் இல்லை. மஹோகனிக்கு நடுவே பதித்த வெளிர்மர இழை. அழகுப்போட்டியில் ரீவாவுக்கே என் ஓட்டு. பழுதுபார்க்கக் கிறிஸ்-கிராஃப்ட்.

சந்து எதற்கு என்று கேட்டால் மரத்தின் குணத்திலிருந்து தொடங்க வேண்டும். மரம் நீளவாக்கில் அநேகமாக நீள்வதே இல்லை. அகலவாக்கில்தான் ஈரம் ஏறினால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். அதிலும் ஒரு ஓரவஞ்சனை: ஆண்டு வளையத்தின் சுற்றுவாக்கில் ஏற்படும் மாற்றம், நடுவிலிருந்து வெளியே போகும் ஆரவாக்கில் ஏற்படுவதைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு. பச்சைத் தேக்கு முற்றிலும் காயும்போது சுற்றுவாக்கில் 5.8 விழுக்காடும் ஆரவாக்கில் 2.5 விழுக்காடும் சுருங்குகிறது. தேக்கு சாது. கிறிஸ்-கிராஃப்ட் கம்பெனி 'பிலிப்பைன்ஸ் மஹோகனி' என்ற பெயரில் வாங்கிய மரம் உண்மையில் மஹோகனிக் குடும்பமே இல்லை. குங்கிலிய மரத்தின் சொந்தக்காரன். அது இன்னும் துள்ளும்.

மிச்சிகன் குளிர்காலத்தில் சூடேற்றிய கொட்டகைக்குள் மரத்தின் ஈரம் ஆறேழு விழுக்காட்டுக்கு இறங்கிவிடும். ஜூலையில் ஏரித் தண்ணீரில் கிடக்கும்போது பன்னிரண்டு, பதின்மூன்றுக்கு ஏறும். இந்த ஆறு விழுக்காடு வித்தியாசத்துக்கு, ஆறடி அகலத் தட்டு ஒன்று அறுத்த விதத்தைப் பொறுத்து அரை அங்குலம் முதல் ஓர் அங்குலம் வரை விரியப் பார்க்கும். அகலமான நாலைந்து பலகைகளை நெருக்கிப் போட்டுத் திருகியிருந்தால், அந்த ஓர் அங்குலத்துக்குப் போக்கிடம் ஏது? பலகை நடுவில் எம்பும், திருகாணியைப் பிடுங்கும், இல்லாவிட்டால் விளிம்புப் பலகையை வெளியே தள்ளும். அதே தட்டை 45 மில்லிமீட்டர் அகலப் பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் நடுவே 5 மில்லிமீட்டர் விட்டுப் பாருங்கள். ஒரு பட்டையின் பங்கு அரை மில்லிமீட்டர் அளவுதான்; ரப்பர் அதைச் சிரமமில்லாமல் வாங்கிக்கொள்ளும். அதிலும் வளையம் செங்குத்தாக நிற்கும்படி அறுத்த பட்டையானால் இன்னும் நிம்மதி. குறுகிய பட்டை, அதனால் நிறைய சந்து, அதனால் நிறைய கோடு. யாரும் அழகுக்காக உட்கார்ந்து யோசித்துப் போட்ட கோலம் இல்லை.

பாய்மரக் கப்பல் காலத்தில் இந்தச் சந்தில் ரப்பர் கிடையாது. பழைய சணல் கயிற்றைப் பிரித்து எடுத்த நாரை உளியும் மரச்சுத்தியலும் வைத்து அடித்து இறக்கி, மேலே உருக்கிய கீல் ஊற்றுவார்கள். கயிறு பிரிக்கும் அந்த வேலையை விக்டோரியா கால இங்கிலாந்தில் கைதிகளுக்கும் ஏழைவிடுதிக்காரர்களுக்கும் கொடுத்தார்கள். விரல்நகம் தேய்ந்துபோகும் வேலை. தூத்துக்குடித் தோணி கட்டுகிறவர்களிடம் கேட்டால் இதற்குக் கலப்பத்து என்பார்கள். கறுப்புக் கீல் வழிந்த இடம்தான் பெரிய கப்பல்களின் கறுப்புக் கோடு. ஏரிப்படகுக்காரர்கள் அதை வெள்ளையாக்கியது பின்னால் வந்த நாகரிகம். மஹோகனி நிறத்துக்கு வெள்ளைதான் எடுப்பு என்பது என் கட்சியும்.

சரி, கொட்டகைக்கு வருவோம்.

பழைய தட்டைக் கழற்றுவது புதிதாகப் போடுவதைவிட நிதானம் கேட்கிற வேலை. ஒவ்வொரு திருகாணியின் தலைக்கு மேலும் காசளவு மரத்தக்கை அடைத்திருக்கும். அதைத் துளைத்து எடுத்தால் உள்ளே நட்சத்திரவடிவத் தலை. பிலிப்ஸ் என்று நினைத்து வீட்டில் இருக்கும் ஸ்க்ரூடிரைவரைப் போட்டால் வழுக்கும். அது ரீட் அண்ட் பிரின்ஸ் என்ற வேறு சாதி. நுனி இன்னும் கூர்மை. அதற்கான முனையைத் தேடி வாங்கிப் போட்டால் எழுபது வருடத்துத் திருகாணி சொன்னபடி கேட்டு வெளியே வரும். வெண்கலம் என்பதால் துரு இல்லை. பித்தளை போட்ட இடங்களில் கதை வேறு: அதிலுள்ள துத்தநாகம் கரைந்துபோய், வெறும் செம்பு எலும்புக்கூடு ரோஜா நிறத்தில் நிற்கும், கையால் ஒடித்துவிடலாம். கழற்றிய பலகைகளைப் பெரியவர் எரிக்க விடவில்லை. ஒவ்வொன்றின் முதுகிலும் எண் போட்டுச் சுவரோரம் அடுக்கினார். புதுத் தட்டுக்கு அவைதான் வரைபடம்.

அதன்பிறகு ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. படகுக்காரர்களிடையே இன்றைக்கும் அடிதடி நடக்கும் விஷயம். பழையபடியே தடித்த பலகைகளைக் குறுக்குச் சட்டங்கள்மேல் நேராகத் திருகுவதா, அல்லது முதலில் மரைன் பிளைவுட்டால் ஓர் அடித்தட்டு ஒட்டி, அதன்மேல் மெல்லிய பட்டைகளை எபாக்ஸிப் பசையில் பதிப்பதா? முதலாவது அசல். ஆனால் எப்போதாவது ஒரு சந்து வாய் பிளக்கும், மழைத்தண்ணீர் உள்ளே சொட்டும், கீழே ஓக் சட்டம் உளுக்கும். எங்கள் படகின் சட்டங்கள் உளுத்துப் போனதே அப்படித்தான். இரண்டாவது முறையில் தண்ணீரைத் தடுப்பது பிளைவுட். மேலே இருப்பது போர்வை. அருங்காட்சியகத்தில் வைக்கிற படகானால் முதலாவதுக்கே நான் கையெழுத்துப் போட்டிருப்பேன். இது பிள்ளைகள் ஏறி ஈரக்காலோடு குதிக்கிற படகு. 6 மில்லிமீட்டர் பிளைவுட் ஒட்டினோம்.

மரம் எது என்ற கேள்வி காரைக்குடியிலிருந்து வந்தது. வீடியோவில் பலகைகளைப் பார்த்த அம்மா, "ஏண்டி, இவ்வளவு பாடுபடுறீங்க, பர்மாத் தேக்குல போட வேண்டியதுதானே?" என்றாள். செட்டிநாட்டு வீடுகளின் பர்மாத் தேக்குத் தூண்களைப் பார்த்தே வளர்ந்தவளுக்கு வேறு மரம் மரமாகத் தெரியாது. கேள்வியில் நியாயம் இருக்கிறது. எண்ணெய்ப் பசையும் சிலிக்காவும் உள்ள தேக்கு, வார்னிஷ் இல்லாமல் வெயிலிலும் உப்பிலும் கிடந்தாலும் உளுக்காது. நனைந்தாலும் கால் வழுக்காது. பம்பாய்க் கப்பல்துறையில் வாடியா குடும்பத்தார் மலபார்த் தேக்கில் கட்டி 1817இல் வெள்ளோட்டம் விட்ட 'திருகோணமலை' போர்க்கப்பல் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் இன்றும் மிதக்கிறது. ஆனால் 2021இல் மியன்மார் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் அங்கே தேக்கு விற்கும் அரசு நிறுவனத்தின்மேல் அமெரிக்காவும் ஐரோப்பாவும் தடை போட்டுவிட்டன. "தடையா? மரத்துக்குமா?" என்றாள் அம்மா. மரத்துக்கும்தான். அசல் தென்னமெரிக்க மஹோகனிக்கு 2003 முதல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாடு. ஆப்பிரிக்க மஹோகனியையும் 2022 பனாமா மாநாட்டில் பட்டியலில் சேர்த்தார்கள். கடைசியில் நாங்கள் வாங்கியது ஆப்பிரிக்க சபேலி. நிறம் ஒத்துப்போகிறது, விலையும் கைக்கு அடங்கும். ஒரே தொல்லை, அதன் நார் மாறி மாறிச் சாய்ந்து ஓடும். இழைப்புளியை ஒரு பக்கமாக ஓட்டினால் வழவழவென்று வரும். அரை அடி தாண்டினால் பிய்க்கும். கத்தியைத் தீட்டி, மயிரிழைக்கு மேல் இறக்காமல், கடைசியில் உப்புத்தாள்தான் தீர்வு.

தட்டில் மூன்று வகை மரம் இருக்கிறது. படகின் உடல்வளைவை ஒட்டி ஓரமாகச் சுற்றி வருவது விளிம்புப் பலகை. மூக்கிலிருந்து நடுவே வருவது நடுப்பலகை. இரண்டுக்கும் இடையில் பட்டைகள். இந்தப் பட்டைகளை நடுக்கோட்டுக்கு இணையாக நேராகவும் போடலாம், உடல்வளைவுக்கு இணையாக வில்லாக வளைத்தும் போடலாம். பாய்ப்படகுகளில் வளைத்துப் போட்டிருப்பதைப் பார்த்தால் கண் எடுக்க மனசு வராது. எங்கள் படகில் நேர்.

எப்படிப் போட்டாலும் ஓரிடத்தில் பட்டை சாய்வாகப் போய் இன்னொரு பலகையில் முட்டியே தீரும். அங்கேதான் தச்சரின் யோக்கியதை தெரியும். சாய்வை அப்படியே சீவினால் பட்டையின் முனை கத்திபோல் மெலிந்துவிடும். அந்த நுனியில் திருகாணி நிற்காது. ஈரம் பட்டால் சுருளும், கால் பட்டால் பிளக்கும். அதனால் படகுத் தச்சர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: சாய்வின் நீளம் பட்டையின் அகலத்தைப்போல் இரண்டு மடங்கைத் தாண்டினால் நுனியைக் கூராக விடக் கூடாது. பட்டை அகலத்தில் மூன்றில் ஒரு பங்காவது மிஞ்சும்படி மழுங்க வெட்டி, அந்த மழுங்கல் உட்காரும்படி எதிர்ப் பலகையில் ஒரு பள்ளம் எடுக்க வேண்டும். சின்ன வேலைதான். ஆனால் ஒவ்வொரு பட்டைக்கும் பள்ளம் வேறு வேறு கோணம். பெரியவர் பென்சிலை அனுமதிக்க மாட்டார். கத்தி முனையால் கீறித்தான் கோடு. பென்சில் கோடு அரை மில்லிமீட்டர் தடிமன், கத்திக் கீறலுக்குத் தடிமனே இல்லை என்பார். உளியைக் கீறலில் வைத்து இரண்டே தட்டு. பள்ளத்தின் சுவர் செங்குத்தாக நிற்க வேண்டும். ஏனென்றால் அந்தச் சுவரையும் ஒட்டித்தான் வெள்ளைக் கோடு திரும்பப் போகிறது. சுவர் சாய்ந்தால் கோடு அந்த இடத்தில் பருக்கும், பத்தடி தள்ளி நின்று பார்த்தாலும் உறுத்தும்.

பட்டைகளுக்கு நடுவே 5 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் துண்டுகளைச் செருகி, எபாக்ஸி தடவி, தற்காலிகத் திருகாணி போட்டு அழுத்தி, மறுநாள் கழற்றி, திருகாணி இருந்த ஓட்டைகளில் மரத்தக்கை அடைத்தோம். தக்கையின் நாரோட்டமும் பட்டையின் நாரோட்டமும் ஒரே திசையில் இருக்க வேண்டும். எபாக்ஸிக்குப் பதில் வார்னிஷைத் தொட்டு ஒட்டுவது பெரியவரின் வழக்கம். இன்னும் முப்பது வருடம் கழித்து எவனோ ஒருவன் இதைக் கழற்றப் போகிறான், அவன் சாபம் நமக்கு எதற்கு என்பது அவர் வாதம்.

நிறம் ஏற்றுவதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். களிம்புபோன்ற நிறப்பூச்சை அள்ளித் தடவி, அது மங்கத் தொடங்கும்போது சாக்குத்துணியால் நாருக்குக் குறுக்கே தேய்த்தால் மரத்தின் நுண்துளைகள் அடைபடும். பிறகு வார்னிஷ். ஒரு பூச்சு, மறுநாள் இலேசான உப்புத்தாள், மறுபடி பூச்சு. பத்துக்குக் குறைந்தால் வெயில் தின்றுவிடும்.

நாலைந்து பூச்சு ஏறியதும் கோட்டின் முறை. இங்கே நான் சற்று நீட்டிப் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சந்து என்பது மூன்று பக்கம் உள்ள ஒரு கால்வாய்: இரண்டு சுவர், ஒரு தரை. சீலன்ட்டை அப்படியே பிதுக்கினால் மூன்றிலும் ஒட்டிக்கொள்ளும். நல்லதுதானே என்று தோன்றும். இல்லை. சுவர்கள் இரண்டும் விலகும்போது ரப்பர் நீள வேண்டும்; நீளும்போது நடுவில் ஒல்லியாக வேண்டும். தரையும் அதைப் பிடித்துக்கொண்டால் ஒல்லியாக வழி இல்லை. இழுவை முழுவதும் மூலைகளில் போய்ச் சேர்ந்து, அங்கே கிழியத் தொடங்கும். அதனால் கால்வாயின் தரையில் முதலில், சீலன்ட் ஒட்டாத மெல்லிய டேப் ஒன்றை நீளமாக ஓட்டிவிடுவோம். ரப்பர் இரண்டு சுவரை மட்டும் பிடிக்கும், தரையில் சும்மா படுத்திருக்கும். 5 மில்லிமீட்டர் சந்து 6 மில்லிமீட்டர் ஆனாலும் அதற்கு அது இருபது விழுக்காடு நீட்சிதான். நல்ல பாலிசல்ஃபைடு சீலன்ட்டுக்கு அது பெரிய காரியம் இல்லை. கட்டடங்களின் விரிவு இணைப்புகளிலும் இதே விதிதான். கொட்டகையில் எனக்கும் கொஞ்சம் மரியாதை வந்தது இந்த டேப் விஷயத்தில்தான்.

இரண்டு பக்கமும் மாஸ்க்கிங் டேப் ஒட்டி, சீலன்ட் துப்பாக்கியின் மூக்கைச் சந்துக்குள் ஆழ வைத்து, பின்னோக்கி இழுக்காமல் முன்னோக்கித் தள்ளிக்கொண்டே பிதுக்க வேண்டும். இழுத்தால் அடியில் காற்றுக்குமிழ் மாட்டும். அது வெயிலில் விரிந்து மேலே கொப்புளமாக வரும். பிதுக்கியதும் தகட்டுக் கத்தியால் அழுத்தி ஒரே வீச்சில் வழித்துவிட்டு, சீலன்ட் பச்சையாக இருக்கும்போதே டேப்பை உரித்துவிட வேண்டும். காயவிட்டு உரித்தால் விளிம்பு பல்லுப்பல்லாகப் பிய்யும். ஒருவர் பிதுக்க, ஒருவர் வழிக்க, ஒருவர் உரிக்க என்று மூன்று பேர் வேண்டும். எங்கள் வீட்டுக்காரரும் அன்று கொட்டகைக்கு அழைத்து வரப்பட்டார்.

இவ்வளவும் சொன்னபின் ஓர் உண்மையையும் சொல்ல வேண்டும். பிளைவுட்மேல் எபாக்ஸியில் பதித்த மெல்லிய பட்டை அவ்வளவாக அசையாது. பிளைவுட் அசைய விடாது. அதாவது எங்கள் தட்டின் சந்துகளுக்கு இப்போது வேலை குறைவு, பாதி அழகுக்குத்தான். அப்படியானால் ரப்பர் எதற்கு, வெள்ளைப் பெயின்ட்டால் கோடு இழுத்தால் போதாதா என்று கேட்கும் படகுக்காரர்கள் உண்டு, இழுப்பவர்களும் உண்டு. புதிய படகுகளில் தேக்கு நிறத்தில் வார்த்த பிவிசி விரிப்பு ஒட்டுகிறார்கள். கறுப்புக் கோடும் அதிலேயே வந்துவிடுகிறது. தண்ணீர் ஒழுகாது, வார்னிஷ் வேண்டாம், விலையும் மலிவு. குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் வெயிலில் வெறுங்காலோடு அதன்மேல் நின்றவர்கள் என்னிடம் வந்து அதைப் புகழ்ந்ததில்லை. எங்கள் படகைப் பொறுத்தவரை சந்தை முறைப்படி விட்டு, முறைப்படி அடைத்தது சரி என்றே நினைக்கிறேன். எபாக்ஸி என்றைக்காவது ஓரிடத்தில் கைவிட்டால், அந்தப் பட்டை அசைய இடம் இருக்கும்.

நியூயார்க் மாநிலத்தில் செயின்ட் லாரன்ஸ் ஆற்றங்கரை ஊரான கிளேட்டனில் பழம்படகு அருங்காட்சியகம் இருக்கிறது. அந்தப் பக்கம் போகிறவர்கள் எஞ்சினையும் குரோமியப் பூண்களையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் மூக்குப் பக்கம் போய், பட்டைகள் சாய்ந்து முட்டும் இடத்தைக் குனிந்து பாருங்கள். நுனி மழுங்கலாக, பள்ளத்தில் உட்கார்ந்திருந்தால் கட்டியவர் தொழில் தெரிந்தவர். கூராக முடிந்திருந்தால் அவசரக்காரர். இன்னொன்று: தட்டில் ஏறச் சொன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறுங்கள். குதிகால் செருப்பு ஒரு மிதியில் பத்துப் பூச்சு வார்னிஷையும் குத்திவிடும்.